முதல் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் காசு சேர்க்க ஒரு வழிகாட்டி

மாதம் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது, எங்கே வட்டி கூடத் தருகிறார்கள்? புதிதாகச் சம்பளம் எடுக்கத் தொடங்கிய பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். மாதம் 10,000 ரூபாய்ப்படி ஒரு வருடம் போடுகிறீர்கள். வருட வட்டி 8 சதவீதம் என்றால் முடிவில் வட்டியாக வருவது ஏறத்தாழ 5,200 ரூபாய். 9 சதவீதம் என்றால் 5,850. வித்தியாசம் 650 ரூபாய். அந்த 650 ரூபாய்க்காக, நேற்றுத் திறந்த ஒரு நிறுவனத்தில் 120,000 ரூபாயையும் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

தொடங்குகிற காலத்தில் வட்டி வீதம் பெரிய விஷயமே இல்லை. மாதாமாதம் எவ்வளவு போடுகிறீர்கள், போட்டது பத்திரமாக இருக்கிறதா, தேவைப்படும் நாளில் கைக்கு வருமா, இந்த மூன்றும்தான் பெரிய விஷயம். கீழே சொல்கிற படிகளை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். இரண்டாவது படி முடியாமல் ஆறாவதுக்குத் தாவ வேண்டாம்.

முதல் படி: ஒரு கொப்பி

ஒரு மாதத்துக்கு எல்லாச் செலவையும் எழுதுங்கள். போனில் எழுதலாம்தான். ஆனால் வீட்டில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் கொப்பிதான் வசதி. முதல் மாதம் ஒன்றையும் குறைக்க வேண்டாம். காசு எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். சாப்பாட்டுக்குத்தான் கூடப் போகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். எழுதிப் பார்த்தால் பெற்றோல், ரீலோட், ரியூசன் காசு, பின்னேரக் கடையில் குடிக்கிற தேத்தண்ணியும் றோல்சும் வரிசையாக வந்து நிற்கும்.

மாதக் கொப்பியில் விழாத செலவுகள்தான் நம்மை அதிகம் கவிழ்க்கின்றன. பாடசாலை புதிய வருடம் தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதியும் வருமான உத்தரவுப் பத்திரமும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உடுப்பும் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு விருந்தும். கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி. இவை எதுவும் திடீரென்று வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கித்தான் சமாளிக்கிறோம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளை எழுதிக் கூட்டுங்கள். பாடசாலைக்கு 25,000, வாகனத்துக்கு 15,000, கொண்டாட்டங்களுக்கு 32,000 என்று வைத்தால் 72,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 6,000. அந்த 6,000 சேமிப்பு இல்லை, இன்னும் வராத பில். அதை வேறொரு கணக்கில் ஒதுக்கி வையுங்கள். இந்த ஒரு பக்கத்தை எழுதினாலே பல குடும்பங்களுக்குக் கடன் பாதியாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

செலவு குறைப்பது பற்றிக் கொஞ்சம்

யாழ்ப்பாணத்தில் சிக்கனமாக இருக்க வழி நிறைய உண்டு. மத்தியான நேரத்தில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிற கத்தரிக்காயும் காலையில் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ வாங்குகிற கத்தரிக்காயும் ஒரே தோட்டத்தில் விளைந்தவையாக இருக்கலாம், விலை ஒன்றாக இருக்காது. பின்னேரம் சந்தை கலைகிற நேரத்தில் கீரையும் தக்காளியும் இன்னும் இறங்கும். அன்றைக்கே சமைக்கிறதென்றால் அப்படி வாங்கலாம். மீன் வாங்கப் போனால் பாரையும் விளையும் மட்டும்தான் மீன் என்று நினைக்க வேண்டாம். சூடையும் சாளையும் மலிவு, சத்தில் குறைவில்லை. வளவில் முருங்கை நின்றால் கிழமையில் இரண்டு நாள் கறிச் செலவு குறையும். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவது, தென்னையும் நின்றால் அதுவும் இல்லை. ஒரு கறிவேப்பிலை மரம், நாலு மிளகாய்க் கன்று, ஒரு வாழைக்குட்டி வைக்க இடம் இல்லாத வளவு இங்கே குறைவு.

மின்சார பில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஒரு எல்லைக்கோடு. 60க்குள் நின்றால் குறைந்த கட்டணம். 61 ஆனால் கடைசி ஒரு அலகுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம், மாதாந்த நிலையான கட்டணமும் கூடிவிடும். அதனால் 55, 65 என்று பாவிக்கிற வீட்டில் சில அலகுகளைக் குறைத்தாலே பில் நன்றாக இறங்கும். 150 அலகு பாவிக்கிற வீட்டில் அதே ஐந்து அலகுக்கு அவ்வளவு பலன் தெரியாது.

எதில் குறைப்பது? மின்குமிழை அணைப்பதால் பெரிதாக மிச்சம் வராது. 1,000 வாற் அயன்பொக்ஸ் முழுச் சூட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு. தினமும் காலையில் ஒரு சேட்டுக்காக அதைச் சூடாக்குவதை விட, ஞாயிற்றுக்கிழமை கிழமைக்குத் தேவையான உடுப்பை ஒரே தடவையில் அயன் பண்ணலாம். கிணற்று மோட்டரும் அப்படித்தான், தாங்கி நிரம்பி வழிகிற நேரமெல்லாம் காசு. பில் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள், அப்புறம் தொகையைப் பாருங்கள். கொப்பியில் எழுத வேண்டியதும் அலகைத்தான்.

ஒன்றை மட்டும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் சாப்பாட்டிலும் மருந்திலும் கை வைக்கிற சிக்கனம் சிக்கனம் இல்லை.

இரண்டாவது படி: கடனைக் கணக்குப் பாருங்கள்

உங்களிடம் கடன் இருந்தால் சேமிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதன் உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள். தனியாட்கள் கடனுக்கு வாங்குகிற மீற்றர் வட்டியின் கொடுமை எல்லோருக்கும் தெரியும். நூற்றுக்கு மாதம் 5 என்றால் வருடத்துக்கு 60 சதவீதம், மறைக்க ஒன்றுமில்லை. மறைந்திருக்கிற வட்டிதான் ஆபத்து.

ஒருவர் 100,000 ரூபாய் கடன் எடுக்கிறார் என்று வையுங்கள். அட்டையில் எழுதியிருக்கிறது: வட்டி 20 சதவீதம், 12 தவணை, தவணை ஒன்று 10,000. மொத்தம் 120,000 கட்டுகிறார், 20,000 வட்டி, சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு இலட்சம் வருடம் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. முதல் மாதமே 10,000 திரும்பிப் போய்விடுகிறது. ஆறாவது தவணை கட்டும்போது முதலில் ஏறத்தாழப் பாதி கழிந்திருக்கும். வட்டியோ கடைசி வரை முழு இலட்சத்துக்கும் எடுக்கப்படுகிறது. குறைந்து வரும் மிகுதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 35 சதவீதம். எழுதியிருப்பது 20, கட்டுவது 35. லீசிங்கில் எடுக்கிற மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும், தவணைக்கு எடுக்கிற குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வட்டி முழு முதலுக்கா, குறைந்து வாற மிகுதிக்கா?" பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வடக்கில் இதைப் பெண்கள்தான் அதிகம் சுமந்தார்கள். 2009க்குப் பிறகு கிராமம் கிராமமாக வந்த நுண்கடன்களைக் கிழமைக்குக் கிழமை கட்ட முடியாமல் ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, கடைசியில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. கடன் எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வட்டிக் கணக்கை அவர்களுக்கு யாரும் உட்கார்த்தி விளங்கப்படுத்தவில்லை.

அடைக்கிற ஒழுங்கு இதுதான்: எல்லாக் கடனுக்கும் ஆகக் குறைந்த தவணையைக் கட்டுங்கள், மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயையும் வட்டி ஆகக் கூடிய கடனில் போடுங்கள். 35 சதவீதக் கடனில் 10,000 ரூபாயை முன்கூட்டியே அடைப்பது 35 சதவீதம் தருகிற வைப்பில் போடுவதற்குச் சமம். அப்படி ஒரு வைப்பு எங்கேயும் கிடைக்காது. ஆனால் கட்டுவதற்கு முன் கேளுங்கள், முன்கூட்டி அடைத்தால் வட்டியைக் குறைப்பார்களா என்று. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து மீற்றர் வட்டியை முடிப்பது நல்ல யோசனை, அடகு வட்டி அதைவிட எவ்வளவோ குறைவு. மீட்கிற திகதியை மட்டும் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். திகதி தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

கடனட்டை வைத்திருப்பவர்கள் முழுத் தொகையையும் கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் பாவியுங்கள்.

அப்புறம், பிணைக் கையெழுத்து. நம் ஊரில் மறுக்க முடியாத சங்கடம் இதுதான். எடுத்தவர் கட்டாவிட்டால் கடன் உங்களுடையது. நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது யார் எவ்வளவு கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிந்து வைக்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைத்தான் வங்கி முதலில் பார்க்கும், நீங்கள் பிணை நின்ற கடனும் அங்கே உங்களுக்கு எதிராக நிற்கலாம். மறுக்கிறதென்றால் வெறுங்கையோடு மறுக்காமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பிணை நிக்கேலாது சித்தப்பா, கைமாத்தா ஒரு பத்தாயிரம் தாறன்." அந்தப் பத்தாயிரம் திரும்பி வராவிட்டாலும் சேதம் பத்தாயிரத்தோடு நிற்கும்.

மூன்றாவது படி: சம்பளப் பத்திரத்தை வாசியுங்கள்

தனியார் கடையிலோ கம்பனியிலோ வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்க வேண்டும், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் இன்னும் 3 சதவீதம். சம்பளம் 50,000 என்றால் உங்களிடமிருந்து 4,000, முதலாளியிடமிருந்து 6,000, அதோடு 1,500. மாதம் 11,500 ரூபாய் உங்கள் பெயரில் சேர வேண்டும். முன்னதற்கான சட்டம் 1958இலேயே வந்துவிட்டது, மற்றது 1980இல். இன்னும் நகரத்துக் கடைகளில் வேலை செய்கிற பல பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

செய்ய வேண்டியது: உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய் மீதியைப் பாருங்கள். உங்களிடம் கழித்த காசு அங்கே வந்து சேரவில்லை என்றால் முறைப்பாடு செய்கிற இடமும் அதுதான். வேலை மாறும்போது பழைய இலக்கத்தைத் தொலைக்காதீர்கள். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்கலாம் என்பதால் தூரத்துக் காசு போலத் தெரியும். ஆனால் பலருக்கு வாழ்நாளில் சேரும் ஆகப் பெரிய தொகை இதுவாகத்தான் இருக்கும்.

நான்காவது படி: மூன்று மாதச் செலவு

வேலை போனால், ஆஸ்பத்திரியில் படுத்தால், மழைக்குக் கூரை ஒழுகினால் எடுக்க ஒரு தொகை வேண்டும். கொப்பியில் ஒரு மாதச் செலவு 45,000 என்று வந்தால் 135,000 உங்கள் இலக்கு. பெரிதாகத் தெரிந்தால் முதலில் ஒரு மாதச் செலவுக்குச் சேருங்கள். இதை நிலையான வைப்பில் பூட்ட வேண்டாம், வேண்டிய நாளில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் வையுங்கள். சம்பளம் வருகிற கணக்கிலேயே வைத்தால் கரைந்துவிடும், ஆகையால் வேறொரு வங்கியில் திறந்து, ஏ.டி.எம். அட்டையை அலுமாரியில் வையுங்கள். சம்பளம் வந்த அன்றைக்கே தானாகக் காசு மாறும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுக்கலாம். மாத முடிவில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று இருந்தால் மிஞ்சாது.

இதற்குத் தேசிய சேமிப்பு வங்கி நல்ல இடம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அந்த வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம். தபாலகங்களிலும் அதன் சேமிப்புக் கணக்கில் காசு போடலாம் என்பது நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பெரிய உதவி.

ஐந்தாவது படி: நிலையான வைப்பு

முதல் நான்கு படிகளும் முடிந்த பிறகுதான் இது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி உண்டு: ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் என்ற நிதிக் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அந்த எல்லை 6 இலட்சம்தான். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், 11 இலட்சத்துக்கு மேல் சேரும்போது காசை இரண்டு நிறுவனங்களில் பிரித்து வைப்பது ஏன் என்று விளங்கும். கூட்டுறவுச் சங்கங்கள் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. சங்கத்தில் வைக்கலாம், ஆனால் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கறிக்கையைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் மட்டும்.

மூன்று இலட்சம் சேர்ந்தால் ஒரே வைப்பாகப் போடாமல், நான்கு மாத இடைவெளியில் ஒவ்வொரு இலட்சமாக ஒரு வருட வைப்புகள் மூன்று போடுங்கள். அதற்குப் பிறகு நான்கு மாதத்துக்கொரு முறை ஒன்று முதிரும். இடையில் அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்ற இரண்டின் வட்டியும் குறையாது. மாதாமாதம் வட்டி எடுக்கிற வைப்புக்கு வீதம் சற்றுக் குறைவு. அந்த வட்டியில் சீவிக்கத் தேவையில்லாத இளம் ஆட்கள் முதிர்வில் வட்டி எடுப்பதையே கேளுங்கள்.

வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் இது 5 ஆக இருந்தது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். சின்ன வட்டியில் வாழ்கிற ஓய்வூதியக்காரருக்கு இது பெரிய காசு. உங்கள் வீட்டில் அப்படி அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். மூத்த பிரசைகளுக்கான விசேட வட்டி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள்.

வைப்பில் போட்டாலும் விலைவாசியை மறக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடம் வங்கி 20 சதவீதம் தந்தும் காசின் பெறுமதி கரைந்தது. அப்படியான காலம் அடிக்கடி வராது, ஆனால் எல்லாக் காசையும் ஐந்து வருடத்துக்குப் பூட்டி வைக்காமல் இருக்க அது ஒரு காரணம்.

ஆறாவது படி: திறைசேரி உண்டியல்

பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு எடுக்கிற கடன், அவ்வளவுதான். வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு விற்பார்கள். 364 நாள் உண்டியலுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 இலட்சம் முகப்பெறுமதியை ஏறத்தாழ 926,100 ரூபாய்க்கு வாங்கலாம், முதிர்வு நாளில் 10 இலட்சம் கிடைக்கும். மத்திய வங்கி கிழமைதோறும் ஏலம் நடத்துகிறது. நீங்கள் ஏலத்துக்குப் போகத் தேவையில்லை. ஏலத்தில் நேரடியாக வாங்குகிற முதனிலை வணிகர்களாக இருக்கிற இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்றவற்றின் கிளையில் கேட்டுக் கணக்குத் திறக்கலாம். ஆகக் குறைந்த தொகை இடத்துக்கு இடம் வேறுபடும். வாங்கிய பிறகு அது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கூற்றைப் பாருங்கள், பற்றுச்சீட்டோடு திருப்திப்பட வேண்டாம். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோதும் தனியாட்கள் கையிலிருந்த திறைசேரி உண்டியல்களில் அரசாங்கம் கை வைக்கவில்லை.

சீட்டும் நகையும்

சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வங்கிப் பக்கமே போகாத எத்தனையோ அம்மாக்கள் சீட்டுக் காசில்தான் கிணறு கட்டியிருக்கிறார்கள், மகளைப் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் கணக்குத் தெரிந்து கட்டுங்கள். 20 பேர், மாதம் 10,000, மொத்தம் 200,000. ஒருவர் அவசரத்துக்கு 40,000 கழிவில் 160,000க்கு எடுக்கிறார், அந்த 40,000 ஆளுக்கு 2,000 ஆகப் பிரிகிறது. முந்தி எடுப்பவர் கடன்காரர், பிந்தி எடுப்பவர் சேமிப்பவர். குலுக்கல் சீட்டில் கழிவே இல்லை, கடைசியில் எடுத்தால் வட்டியில்லாமல் இருபது மாதம் காசைக் கொடுத்து வைத்ததாக முடியும். எடுத்த பிறகு ஒருவர் கட்டாமல் விட்டால் யார் பொறுப்பு என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். சீட்டுப் பிடிக்கிறவரை நேரில் தெரிந்திருக்க வேண்டும், ஆட்கள் குறைவாக, காலம் ஒரு வருடத்துக்குள் இருப்பது நல்லது. சேமிப்பு முழுவதையும் ஒரு சீட்டில் வைக்கக் கூடாது.

நகையில் நமக்கு இருக்கிற பற்றுக்குக் காரணம் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்துக்கு வங்கிப் புத்தகம் உதவவில்லை, கழுத்தில் கிடந்ததும் மடியில் முடிந்ததும் தான் பின்னால் அரிசியானது. அதை அனுபவித்த தலைமுறையிடம் போய் நகை வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: போடுவதற்கு நகை, சேமிப்பதற்குத் தங்கம், இரண்டையும் பிரியுங்கள். ஒரு பவுண், அதாவது 8 கிராம், கல் வைத்த நகையாகச் செய்தால் கூலியும் சேதாரமும் அன்றைக்கே போய்விடும், விற்கும்போது திரும்பி வராது. சேமிப்புக்கென்றால் வேலைப்பாடு இல்லாத நாணயமாக வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பங்குச்சந்தை

ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசு இருந்தால் மட்டும். பங்குத் தரகர் ஊடாகவோ கொழும்புப் பங்குச்சந்தையின் செயலி ஊடாகவோ கணக்குத் திறக்கலாம். தனித்தனிக் கம்பனிகளைப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு பலருடைய காசைச் சேர்த்து முதலிடுகிற யூனிட் ட்ரஸ்ட் நிதியங்கள் நல்லது, ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். வட்சப் குழுவில் வருகிற "இந்தப் பங்கு ஏறப்போகுது" என்ற செய்தியை வைத்து ஒரு ரூபாய்க்கும் வாங்க வேண்டாம்.

யார் வந்து கேட்டாலும்

மாதம் 10 சதவீதம் தருகிறோம், நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் கொமிசன், டொலரில் இலாபம், கிரிப்டோ. வருகிறவர் பெரும்பாலும் உங்கள் வகுப்பு நண்பராகவோ பழைய ரியூசன் மாஸ்டராகவோ இருப்பார், அதனால்தான் மறுப்பது கஷ்டம். அவரும் ஏமாற்றுகிற எண்ணத்தில் வருவதில்லை, முதல் இரண்டு மாதம் காசு வந்ததால் நம்பி வருகிறார். அந்தக் காசு பின்னால் சேர்ந்தவர்கள் போட்டது. ஆள் சேர்த்து ஓடுகிற இந்தப் பிரமிட் திட்டங்களை நடத்துவதும் ஊக்குவிப்பதும் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் குற்றம். ஆகையால் ஆள் சேர்க்கிறவரும் சிக்குவார். வைப்பு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம்.

வெளிநாட்டுக் காசு

கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ மாமாவோ அண்ணாவோ அனுப்புகிற காசைச் சம்பளம் போல மாதச் செலவில் சேர்க்காதீர்கள். அங்கே அவருக்கு வேலை போனால் இங்கே அடுப்பு அணையும். கொப்பியில் அதற்குத் தனிப் பக்கம் வையுங்கள்: படிப்பு, வைத்தியம், வீட்டுத் திருத்தம், சேமிப்பு. அனுப்பியவருக்கு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பல குடும்பச் சண்டைகள் வராது. வங்கி மூலம் வருகிற காசை வெளிநாட்டு நாணயக் கணக்கில் அப்படியே வைத்திருக்கவும் முடியும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டரை மாதத்தில் எல்லாவற்றையும் ரூபாயாக வைத்திருந்தவர்களும் டொலரில் ஒரு பகுதியை வைத்திருந்தவர்களும் ஒரே நிலையில் இருக்கவில்லை. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் (இது திறைசேரி உண்டியல் இல்லை) எடுத்தால் கொஞ்சம் கூட வரலாம், ஆனால் காணி வாங்கும்போதோ விசாவுக்குப் போகும்போதோ காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது.

கடைசிப் படி: ஒரு கோவை

ஒரு பிளாஸ்ரிக் கோவை வாங்குங்கள். வைப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகங்கள், சேமலாப நிதி இலக்கம், காப்புறுதிப் பத்திரம், அடகுச் சீட்டு, காணி உறுதியின் பிரதி எல்லாம் அதில் இருக்கட்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்கள். இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைத்தவர்கள் அதன் பிரதிக்காகக் கச்சேரிக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்த கதை எந்த வீட்டிலும் இருக்கும்.

ஒவ்வொரு கணக்கிலும் வைப்பிலும் பின்னுரித்தாளியின், அதாவது உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெற வேண்டியவரின், பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று வங்கியில் கேளுங்கள், சேமலாப நிதிக்கும் அப்படியே. கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள் பிறகு மாற்ற மறந்துவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் இரண்டு இலட்சத்தை எடுக்கக்கூட மனைவி நீதிமன்றம் வரை போக நேரலாம். படிவம் ஒரு பக்கம்தான், அடையாள அட்டையோடு போனால் ஒரே வருகையில் முடிந்துவிடும். கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.